கணினி பழுதா? பதறாதீர்கள், விசாரியுங்கள்!



அது ஓர் அக்டோபர் மாத மாலை. காஹாங்கில் இடிமழை பெய்து ஓய்ந்த நேரம். தோட்டத்து வீட்டில் வசிக்கும் படிவம் 4 மாணவர் ஒருவரிடமிருந்து எனக்குக் கைப்பேசியில் செய்தி வந்தது. “டீச்சர், மடிக்கணினி செத்துப்போச்சு. நாளைக்கு இடுபணி அனுப்பணும். அப்பா வேலைக்கு லீவு போட்டுட்டு குளுவாங் கடைக்குக் கொண்டுபோறேன்னு சொல்றாரு.”

ஒரு நாள் சம்பளம், போக்குவரத்துச் செலவு, கடைக்காரர் கேட்கும் கட்டணம் மூன்றையும் கூட்டிப் பாருங்கள். அதனால் நான் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். “செத்துப்போச்சு என்பது உன் முடிவு. நீ கண்ணால் கண்டது என்ன?”

“பொத்தானை அழுத்தினா ஒன்னுமே வரல.”

“சார்ஜர் விளக்கு எரிகிறதா?”

“இல்ல டீச்சர்.”

“அதே சாக்கெட்டில் மேசை விசிறியைச் செருகிப் பார்.”

விசிறியும் சுற்றவில்லை. சார்ஜரைச் சமையலறைச் சுவரில் இருந்த சாக்கெட்டில் செருகியதும் அதன் விளக்கு எரிந்தது. கால் மணி நேரம் மின்னேற்றிய பிறகு கணினி எழுந்தது. பழுதானது கணினியன்று, மூன்று மணி நேரமாக மின்சாரமே தராத நீட்டிப்புச் சாக்கெட். பேட்டரி முற்றாகத் தீர்ந்துபோயிருந்தது. அப்பா மறுநாள் வழக்கம்போல் வேலைக்குப் போனார்.

அந்த மாணவர் செய்ததுதான் அறிவியல். தொடக்கப்பள்ளியிலேயே நீங்கள் படித்த உற்றறிதல், ஊகித்தல், கருதுகோள், மாறிகள் எல்லாம் தேர்வுத் தாளுக்கு மட்டும் உரியவை அல்ல. வீட்டுக் கணினியின் பழுதைக் கண்டுபிடிக்கவும் அவையே போதும். எப்படி என்று இந்த வாரம் பார்ப்போம்.

முதலில் நான்கு கேள்விகள்

எந்தப் பழுதாக இருந்தாலும் எதையும் தொடுவதற்கு முன் ஒரு தாளை எடுத்து இந்த நான்குக்கும் விடை எழுதுங்கள்.

1. என்ன நடக்கிறது? எது நடக்கவில்லை? விளக்கு, ஒலி, விசிறி, திரை என்று தனித்தனியாக எழுதுங்கள்.
2. கடைசியாக எப்போது சரியாக இயங்கியது?
3. அதற்குப் பிறகு என்ன மாறியது? மின்னல், புதிய மென்பொருள், புதிய பிரிண்டர், கீழே விழுந்தது என எதுவாகவும் இருக்கலாம்.
4. ஒவ்வொரு முறையும் வருகிறதா, சில வேளைகளில் மட்டுமா?

திரையில் பிழைச் செய்தி வந்தால் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். “ஏதோ ஆங்கிலத்தில் வந்தது, மூடிவிட்டேன்” என்பது சாட்சியை விரட்டிவிட்டு விசாரணை நடத்துவது போல.

அடுத்து மிக முக்கியமான விதி: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சாக்கெட்டையும் சார்ஜரையும் ஒரே வேளையில் மாற்றினால், கணினி எழுந்தாலும் எது பழுது என்று தெரியாது. சாக்கெட் தற்சார்பு மாறி என்றால், சார்ஜர், கணினி இரண்டும் கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். விளக்கு எரிகிறதா என்பது சார்பு மாறி.

கணினி உயிர் பெறவில்லை

மின்சாரம் வரும் வழியிலேயே நடந்து பாருங்கள்: சுவர்ச் சாக்கெட், நீட்டிப்புச் சாக்கெட், செருகியின் உள்ளே இருக்கும் ஃபியூஸ், சார்ஜர், கணினி. மின்னலுக்குப் பிறகு வீட்டின் பல சாக்கெட்டுகள் ஒன்றாக வேலை செய்யவில்லை என்றால், மின்பெட்டியில் சுவிட்ச் கீழே விழுந்திருக்கலாம். அதைப் பெரியவர்களிடம் சொல்லிப் பார்க்கச் செய்யுங்கள். மேலே தூக்கியதும் மீண்டும் விழுந்தால் விட்டுவிடுங்கள். அங்கே மின்கசிவு இருக்கக்கூடும். உரிமம் பெற்ற மின்பணியாளர் வரவேண்டும்.

நம் வீட்டுச் சாக்கெட்டில் வருவது 230 வோல்ட் மாறுதிசை மின்னோட்டம். பல மடிக்கணினிகளுக்கு வேண்டியதோ ஏறத்தாழ 19 அல்லது 20 வோல்ட் நேர்திசை மின்னோட்டம். சார்ஜர்தான் மாற்றித் தருகிறது. அதன் முதுகில் உள்ள சிறிய எழுத்துகளைப் படியுங்கள். 19 வோல்ட், 3.42 ஆம்பியர் என்றிருந்தால், திறன் = 19 × 3.42, ஏறத்தாழ 65 வாட். பாடத்தில் படித்த சூத்திரம்தான்.

நண்பரின் சார்ஜரை இரவல் வாங்கிச் சோதிப்பதானால் வோல்ட் அளவு உங்கள் சார்ஜரோடு ஒத்திருக்க வேண்டும். ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக்கூடாது. முனையின் வடிவமும் நேர்மின், எதிர்மின் அமைப்பும் ஒன்றாக இருக்க வேண்டும்.

சார்ஜர் விளக்கு எரிகிறது, ஆனால் திரை கறுப்பாகவே இருக்கிறது என்றால், சார்ஜரைக் கழற்றிவிட்டு மின்பொத்தானை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். கணினி இடையில் உறைந்து கிடந்திருந்தால் முழுதாக அணைந்துவிடும்; சுற்றில் எஞ்சியிருக்கும் மின்னூட்டமும் வடிந்துவிடும். பிறகு சார்ஜரை மாட்டி மீண்டும் முயலுங்கள். விசிறிச் சத்தம் கேட்டும் படம் வரவில்லையா? வீட்டுத் தொலைக்காட்சியோடு எச்.டி.எம்.ஐ. கம்பியால் இணையுங்கள். அங்கே படம் வந்தால் கணினி நலம். பழுது திரைப் பக்கம்தான்.

கடிகாரம் தப்பினால் இணையமும் தப்பும்

இது பலர் அறியாதது. பழைய கணினி ஒன்றில் இணைய இணைப்பு நன்றாக இருக்கிறது. ஆனால் எந்தத் தளத்தைத் திறந்தாலும் “இணைப்பு பாதுகாப்பானதன்று” என்ற எச்சரிக்கை. வைரஸ் என்று பயப்படுவதற்கு முன் திரையின் மூலையில் உள்ள தேதியைப் பாருங்கள். பல ஆண்டுகளுக்கு முந்திய தேதி இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது.

பாதுகாப்பான தளம் ஒவ்வொன்றும் ஒரு சான்றிதழ் வைத்திருக்கிறது. அதற்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. உங்கள் கணினி தன் கடிகாரத்தைப் பார்த்து, “இந்தச் சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லையே” என்று மறுத்துவிடுகிறது. அதன் தர்க்கம் சரி, கடிகாரம்தான் தவறு.

கணினி அணைந்திருக்கும்போதும் கடிகாரம் ஓட வேண்டும். மேசைக்கணினியின் தாய்ப்பலகையில் அதற்காக ஒரு நாணய வடிவ பேட்டரி உள்ளது. பெரும்பாலும் அது சி.ஆர். 2032 வகை: 3 வோல்ட், 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிப்பு. பெயரிலேயே அளவு இருப்பதைக் கவனித்தீர்களா? அது கொடுக்கும் சிறு மின்சாரத்தில் ஒரு குவார்ட்ஸ் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. ஏன் அந்த எண்? 2-ஐ 15 முறை பெருக்கினால் 32,768. ஆகவே 15 முறை பாதியாக்கினால் விநாடிக்குச் சரியாக ஒரு துடிப்பு கிடைக்கும். பல ஆண்டுகளில் பேட்டரி தீர்ந்ததும் கணினி தேதியை மறந்துவிடுகிறது. புதிய பேட்டரி சில வெள்ளிதான்.

ஆமை வேகம்

“கணினி மெதுவாக இருக்கிறது” என்பது காய்ச்சல் மாதிரி. அது நோயன்று, அறிகுறி. விண்டோஸில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் புரோசசர், ரேம், வட்டு ஆகிய மூன்றும் எத்தனை விழுக்காடு வேலையில் இருக்கின்றன என்று தெரியும். எது எப்போதும் 100-ஐ ஒட்டி நிற்கிறதோ அங்கிருந்து விசாரணையைத் தொடங்குங்கள்.

பழைய கணினிகளில் பெரும்பாலும் நெரிசல் வட்டில்தான். சுழலும் வன்தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றுகிறது என்று கொள்வோம். விநாடிக்கு 90 சுற்று. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 11 மில்லி விநாடி. வேண்டிய தரவு படிக்கும் முனையின் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 5.5 மில்லி விநாடி காத்திருக்க வேண்டும். முனை நகரும் நேரம் வேறு. விண்டோஸ் தொடங்கும்போது இப்படி ஆயிரக்கணக்கான முறை காத்திருப்பு. எஸ்.எஸ்.டி. வட்டில் சுழலும் பகுதி எதுவும் இல்லை. காத்திருப்பு மில்லி விநாடியில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடும். பழைய கணினியைத் தூக்கிப்போடுவதற்கு முன் வட்டை மட்டும் மாற்ற முடியுமா என்று கடையில் கேளுங்கள்.

இன்னொரு காரணம், கணினி தொடங்கும்போதே தாமாக எழும் மென்பொருள்கள். டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியில் பட்டியல் இருக்கும். அவற்றில் 16 இருக்கின்றன, ஏதோ ஒன்றுதான் தொல்லை என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றாகச் சோதித்தால் 15 முறை மறுதொடக்கம் செய்ய நேரலாம். பாதியைப் பாதியாகப் பிரியுங்கள். 8-ஐ நிறுத்துங்கள். தொல்லை போய்விட்டால் குற்றவாளி அந்த 8-க்குள். போகவில்லை என்றால் மற்ற 8-க்குள். பிறகு 4, 2, 1. நான்கே சோதனைகள்! பாதுகாப்பு மென்பொருளை மட்டும் நிறுத்தாதீர்கள்.

வெப்பமும் பூச்சியும்

கொஞ்ச நேரம் நன்றாக ஓடி, பிறகு திணறுகிறதா? கையை வைத்துப் பாருங்கள். கொதிக்கிறதென்றால் காரணம் வெப்பமாக இருக்கலாம். புரோசசர் 100 பாகை செல்சியஸை நெருங்கும்போது தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதையும் மீறினால் அணைந்துவிடும். மெத்தைமேலும் தலையணைமேலும் வைத்தால் காற்று போகும் துளைகள் அடைபடும். தட்டையான பலகைமேல் வையுங்கள். துளைகளில் படிந்த தூசைக் கணினியை அணைத்து, மின்சாரத்தைத் துண்டித்த பிறகு மென்மையான தூரிகையால் எடுங்கள்.

நம் ஊரின் வெப்பமும் ஈரப்பதமும் எறும்புக்கும் பல்லிக்கும் பிடித்தவை. கதகதப்பான மேசைக்கணினிப் பெட்டிக்குள் அவை குடியேறுவதுண்டு. இதில் ஒரு வரலாறும் இருக்கிறது. 1947 செப்டம்பர் 9 அன்று அமெரிக்காவில் ஹார்வர்டு மார்க் 2 கணினி பிழை செய்தது. பொறியாளர்கள் தேடியபோது ஒரு ரிலேயில் விட்டில் பூச்சி சிக்கிக் கிடந்தது. அதை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டி வைத்தார்கள். அந்தக் குழுவில் பணியாற்றிய கிரேஸ் ஹாப்பர் பின்னாளில் இந்தக் கதையைப் பலமுறை சொல்லிப் புகழ் பெறச் செய்தார். பொறியாளர்கள் கோளாறைப் ‘பூச்சி’ என்னும் பொருள் தரும் ‘பக்’ என்று குறிப்பது அதற்கும் முந்திய வழக்கம். அன்று கிடைத்ததோ உண்மையான பூச்சி! அவர்கள் கண்டதை எழுதி வைத்தார்கள், சான்றையும் ஒட்டி வைத்தார்கள் என்பதே நமக்குப் பாடம்.

இணையம் வரவில்லை

வீட்டில் இன்னொரு கருவியில் இணையம் வருகிறதா? இது முதல் சோதனை. வந்தால் பழுது உங்கள் கணினியில். எதிலும் வராவிட்டால் ரவுட்டர் பக்கம் அல்லது வெளியே.

ஒளியிழை மோடத்தில் ‘லாஸ்’ என்று குறிக்கப்பட்ட விளக்கு சிவப்பாக எரிந்தால், வெளியிலிருந்து ஒளிச் சமிக்ஞையே வரவில்லை என்று பொருள். கணினியில் என்ன செய்தாலும் பயனில்லை. சேவை நிறுவனத்தை அழையுங்கள்.

விளக்குகள் சரியாக இருந்தால், மோடத்தையும் ரவுட்டரையும் அணைத்து, ஒரு நிமிடம் கழித்து மோடத்தை முதலிலும் ரவுட்டரை அடுத்தும் போடுங்கள். இன்னும் வரவில்லையா? கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ‘ஐபிகான்ஃபிக்’ என்ற கட்டளையைத் தட்டச்சுங்கள். உங்கள் கணினியின் எண் முகவரி 169.254 என்று தொடங்கினால், ரவுட்டர் முகவரி எதுவும் தரவில்லை, கணினி தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். வைஃபை இணைப்பை நீக்கிக் கடவுச்சொல்லை மீண்டும் கொடுத்துப் பாருங்கள்.

முகவரி சரியாக இருந்தால் ‘பிங் 8.8.8.8’ என்று கட்டளையிடுங்கள். பதில் வருகிறது, ஆனால் தளங்களைப் பெயர் சொல்லித் திறக்க முடியவில்லை என்றால், பாதை நன்றாக இருக்கிறது. பெயரை எண்ணாக மாற்றித் தரும் டி.என்.எஸ். சேவையில்தான் சிக்கல். சாலை திறந்திருந்தும் வீட்டு முகவரி தெரியாமல் நிற்பது போன்ற நிலை அது.

நீலத் திரை சொன்ன பாடம்

2024 ஜூலை 19 நினைவிருக்கிறதா? உலகம் முழுதும் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றன. கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான மேம்பாட்டுக் கோப்பே காரணம். ஏறத்தாழ 85 லட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. நம் நாட்டிலும் விமானப் பயணப் பதிவும் ரயில் டிக்கெட் முறையும் தடுமாறின.

தீர்வு என்ன தெரியுமா? பல இடங்களில் ஊழியர்கள் ஒவ்வொரு கணினியாகச் சென்று, அதைச் ‘சேஃப் மோட்’ நிலையில் தொடங்கி, அந்த ஒரு வகைக் கோப்பை நீக்கினார்கள். சேஃப் மோட் என்பது மிகத் தேவையான மென்பொருள்களை மட்டும் கொண்டு கணினியை எழுப்பும் முறை. அதில் கணினி ஒழுங்காக ஓடினால், வழக்கமான நிலையில் சேரும் ஏதோ ஒரு மென்பொருளோ டிரைவரோதான் குற்றவாளியாக இருக்கக்கூடும். ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட்டைச் சொடுக்கினால் சில தெரிவுகள் வரும். ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று வரிசையாகச் சென்று, பிறகு 4-ஐ அழுத்துங்கள்.

அன்று பலரைத் தடுத்தது இன்னொன்று. வட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருந்ததால் கணினி மீட்புக் குறியீடு கேட்டது. பலரிடம் அது கைவசம் இல்லை. உங்கள் மடிக்கணினியும் ஒருநாள் கேட்கலாம். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கணினி நன்றாக இருக்கும் இன்றே அதைத் தேடி எடுத்துத் தாளில் எழுதி வையுங்கள்.

நான் இழந்தது

இங்கே என் தவற்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் பழைய கணினி விண்டோஸுக்குள் நுழையாமல் நின்றது. அவசரத்தில் ஒரு கடையில் கொடுத்து “சரிசெய்து தாருங்கள்” என்று மட்டும் சொன்னேன். இரண்டு நாளில் சரியாகி வந்தது. வட்டை அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டிருந்தார்கள். கணினி பளிச்சென்று இருந்தது. என் பாட்டியின் படங்கள் இல்லை. பால் மரம் வெட்டிய காலத்துக் கதைகளை அவர் சொல்ல நான் பதிவு செய்த ஒலிக்கோப்புகளும் இல்லை. அதற்கு முந்திய ஆண்டே அவர் காலமாகியிருந்தார்.

கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. கோப்புகள் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நகலும் எடுத்து வைக்கவில்லை. கணினியை வாங்க முடியும். கோப்பை எந்தக் கடையில் வாங்குவது?

ஆகவே 3-2-1 விதியைப் பழகுங்கள். முக்கியமான கோப்புக்கு 3 நகல்கள். 2 வெவ்வேறு வகைச் சேமிப்புகளில். அவற்றில் 1 வீட்டுக்கு வெளியே. கணினியில் ஒன்று, வெளி வன்தட்டில் அல்லது விரலியில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று என்றால் போதும். வெள்ளம் வரும் ஊரில் வாழும் நமக்கு அந்த மூன்றாவது நகல் மிக முக்கியம். கடைக்குக் கொடுக்கும்போது, “என் கோப்புகளை அழிக்காதீர்கள், அழிக்க வேண்டியிருந்தால் முதலில் என்னைக் கேளுங்கள்” என்று எழுதியே கொடுங்கள். நீங்களே விண்டோஸை ரீசெட் செய்தாலும் ‘கீப் மை ஃபைல்ஸ்’, ‘ரிமூவ் எவ்ரிதிங்’ இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் படித்த பிறகே சொடுக்குங்கள்.

கையை எடுத்துவிட வேண்டிய இடங்கள்

• கருகிய வாடை, புகை, தீப்பொறி: உடனே மின்சாரத்தைத் துண்டியுங்கள். மீண்டும் போட்டுப் பார்க்காதீர்கள்.
• பேட்டரி உப்பிவிட்டதா? மின்னேற்றாதீர்கள், அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள். லித்தியம் பேட்டரி தீப்பற்றக்கூடியது.
• மேசைக்கணினியின் மின்வழங்கிப் பெட்டியைத் திறக்கவே கூடாது. செருகியைக் கழற்றிய பிறகும் அதன் மின்தேக்கிகளில் ஆபத்தான மின்னூட்டம் இருக்கலாம்.
• தண்ணீர் அல்லது தேத்தண்ணீர் கொட்டியதா? முதலில் சார்ஜரைக் கழற்றி, கணினியை அணையுங்கள். கவிழ்த்து வடியவிட்டுக் கடைக்குக் கொண்டுபோங்கள். வேலை செய்கிறதா என்று இடையில் சோதிக்காதீர்கள்.
• இடி முழங்கும்போது செருகியைத் தொடாதீர்கள். வானம் இருண்டு வரும்போதே, இடிக்கு முன்பே, கழற்றிவிடுங்கள். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. மின்னலின் மின்னழுத்தம் அந்தச் சிறு இடைவெளியைத் தாண்டக்கூடும்.
• “உங்கள் கணினியில் வைரஸ், இந்த எண்ணை அழையுங்கள்” என்று திரையில் வந்தால் அழைக்காதீர்கள். அது ஏமாற்று. உலாவியை மூடுங்கள்; மூட முடியாவிட்டால் டாஸ்க் மேனேஜர் வழியாக நிறுத்துங்கள். வீட்டில் யாராவது ஏற்கனவே பணம் அனுப்பிவிட்டால், தாமதிக்காமல் வங்கியையோ தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணையோ அழைக்கச் சொல்லுங்கள்.

செய்து பாருங்கள்

1. உங்கள் வீட்டுச் சார்ஜரின் வோல்ட், ஆம்பியர் அளவுகளைப் பார்த்துத் திறனைக் கணக்கிடுங்கள்.
2. ஒரு நோட்டுப் புத்தகத்தைக் ‘கணினிப் பதிவேடு’ ஆக்குங்கள். தேதி, கண்டது, கருதுகோள், செய்த சோதனை, முடிவு என ஐந்து பத்திகள் போதும்.
3. வன்தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றினால் அரைச் சுற்றுக்கு எவ்வளவு நேரம்?
4. ஸ்டார்ட்அப் பட்டியலில் 32 மென்பொருள்கள் இருந்து, அவற்றில் ஒன்றுதான் தொல்லை என்றால், பாதியாக்கும் முறையில் எத்தனை சோதனைகள் வேண்டும்?

(விடைகள்: 3. விநாடிக்கு 120 சுற்று. அரைச் சுற்றுக்கு ஏறத்தாழ 4.2 மில்லி விநாடி. 4. ஐந்து.)

அந்தப் படிவம் 4 மாணவர் இப்போது அப்படி ஒரு பதிவேடு வைத்திருக்கிறார். சென்ற மாதம் பக்கத்து வீட்டு அக்காவின் கணினியில் தேதி பிசகியதைக் கண்டுபிடித்து, பேட்டரி மாற்றிக் கொடுத்தாராம். அதை என்னிடம் சொல்லும்போது “செத்துப்போச்சு” என்ற சொல்லை அவர் பயன்படுத்தவே இல்லை. “கண்டது இது, சந்தேகப்பட்டது இது, சோதித்தது இது” என்றே சொன்னார்.

உங்கள் வீட்டிலும் மூலையில் ஒரு கணினி தூங்கிக்கொண்டிருக்கலாம். பள்ளி விடுமுறையில் தாளும் பேனாவுமாக அதன் முன் உட்காருங்கள். ஆனால் முதல் வேலை, இன்றே, உங்கள் கோப்புகளுக்கு ஒரு நகல்.